கல்நாரும் தென்னந்தும்பும்

ஆங்கிலேயர் 'கொயர்' என்று எழுதும் சொல் நம்முடைய கயிறுதான். மலையாளக் கரையில் அதைக் கேட்ட போர்த்துக்கேயர் தம் நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஏனைய ஐரோப்பியருக்குப் போயிற்று. இலங்கைத் தமிழில் தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கும் நாருக்குத் தும்பு என்று பெயர். வாசல் கூட்டும் தும்புத்தடியும், கிணற்றுக் கயிறும், மெத்தையும் அந்தத் தும்பினால் ஆனவை. இன்னொரு நாரும் நம்மிடையே உண்டு. பூமிக்கடியில் வெட்டியெடுக்கும் அஸ்பெஸ்டஸ் என்னும் கனிமத்துக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கல்லாக இருந்து நாராகப் பிரிவது என்ற பொருளில் யாரோ ஒருவர் மிகச் சரியாக வைத்த பெயர்.

தும்பு போன்ற வேளாண் கழிவு நார்களைப் பக்குவம் செய்து பிளாஸ்டிக்கோடு சேர்த்து வலுவான பொருள்களை ஆக்கும் முயற்சி நூறாண்டைத் தாண்டிவிட்டது. அறிவியல் ஏடுகளில் அது ஒரு நுட்பச் செய்தியாக இருக்கிறது. மலையகத்தை அறிந்தவர்களுக்கு அது கூரையைப் பற்றிய செய்தியாகவும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். புசல்லாவையை நடுவில் வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

மானாப்புல்லிலிருந்து தகரத்துக்கு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இருக்கிறது புசல்லாவை. இலங்கைத் தேயிலையின் வரலாறு 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லரோடு தொடங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வணிகப் பயிராகத் தேயிலை வேரூன்றியது அங்கேதான். ஆனால் அதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1841இல், புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலைச் செடிகள் நடப்பட்டுவிட்டன. மொரிஸ் டி வோர்ம்ஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்ற இரு சகோதரர்கள் அத்தோட்டத்தின் உரிமையாளர்கள். ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பமான ரொத்சைல்ட் அவர்களுடைய தாய்வழி உறவு; தோட்டத்தின் பெயர் அப்படி வந்தது. அங்கு எடுத்த தேயிலை அடக்க விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. அது கோப்பிக் காலம். செடிகளை மறந்துவிட்டுக் கோப்பியிலேயே நின்றார்கள். 1865இல் தோட்டத்தை விற்றுவிட்டுப் போனார்கள்.

நான்கு ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்த நோய் இலங்கையில் அடையாளம் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. பட்டுப்போன கோப்பி மரங்களின் தண்டுகளைப் பட்டை சீவி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள் என்றும், அவை தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்றும் சொல்வார்கள். பெருந்தோட்டத் தொழில் தன் கழிவையும் காசாக்கிப் பார்த்த முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. மரம் மேசைக்காலாகிப் போயிற்று. அந்த மரத்தை நட்டுக் களை பிடுங்கியவர்கள் இங்கேயே இருந்தார்கள்.

அவர்கள் இருந்த இடத்தைத்தான் லயம் என்கிறோம். தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலில் கட்டிக் கொடுத்தவை வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர்களும், மானாப்புல் போன்ற புற்களால் வேய்ந்த கூரைகளும் கொண்ட நீள் குடிசைகள். இன்றைய பொறியியல் மாணவரிடம் காட்டினால் அந்தச் சுவரை அவர் நார் வலுவூட்டிய கலவைப் பொருள் என்றே வகைப்படுத்துவார். மண் அமுக்கத்தைத் தாங்கும். இழுவையைத் தாங்காமல் வெடிக்கும். உள்ளே இருக்கும் வரிச்சும் வைக்கோலும் அந்த இழுவையை வாங்கிக்கொள்ளும். சுவர் நிற்கும். பின்னால் கல்லும் செங்கல்லும் வந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் ஒரே முகட்டின் கீழ் வரிசையாக எழுந்தன. கூரைக்கு நெளி தகரம் வந்தது. வெயிலில் காய்ந்து, பனியில் குளிர்ந்து, மழையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் அதிரும் தகரம். காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன்மேல் கற்களையும் பழைய டயர்களையும் ஏற்றிவைத்திருப்பதை மலையகப் பாதையில் பயணம் செய்த எவரும் பார்த்திருப்பார்கள்.

தகரம் துருப்பிடித்து ஓட்டையான இடங்களில் பின்னர் ஏறியது கல்நார்த் தகடு.

கல்நார் கூரையேறிய வழி

கல்நார்த் தகட்டின் தந்தை ஆஸ்திரியாவின் லூட்விக் ஹாட்ஷெக். காகிதம் செய்யும் எந்திரத்தின் முறையை அவர் சீமெந்துக்குப் பயன்படுத்தினார். மரக்கூழுக்குப் பதிலாகக் கல்நாரையும் சீமெந்தையும் நீரில் கலக்கி, மெல்லிய படலங்களாக எடுத்து, அடுக்கி, அழுத்தித் தகடாக்கினார். 1900ஆம் ஆண்டையொட்டி இதற்குக் காப்புரிமை பெற்றார். தகட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் நார், மிகுதி சீமெந்து. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு இல்லாவிட்டால் தகடு அப்பளம்போல் நொறுங்கும். மண்சுவரில் வரிச்சு செய்த வேலையைத்தான் கல்நார் இங்கே செய்கிறது.

கல்நார் துருப்பிடிக்காது, மக்காது, எரியாது, விலையும் மலிவு. இருபதாம் நூற்றாண்டு அதைக் கொண்டாடியதில் வியப்பில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய இழைகளாகப் பிரிந்து நுரையீரலில் தங்கிவிடும் என்பதும், இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும் என்பதும் பின்னர் உறுதியாயின. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்று வகைப்படுத்தியிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன.

இலங்கை நீலக் கல்நாரை 1997இல் தடை செய்தது. கூரைத் தகடுகளில் பயன்படும் வெள்ளைக் கல்நார் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் இறக்குமதிக்கு 2018 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வரும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், 2017 டிசம்பர் நடுப்பகுதியில், இலங்கைத் தேயிலைச் சரக்கொன்றில் கப்ரா வண்டு எனப்படும் தானியப்பூச்சி இருந்ததாகக் கூறி, ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. இலங்கைக்குக் கல்நாரை விற்கும் முதன்மை நாடு ரஷ்யா. இலங்கைத் தேயிலையை வாங்கும் முன்னணி நாடுகளிலும் ஒன்று. கொழும்பு சில நாள்களிலேயே கல்நார்த் தடையை நிறுத்திவைக்க முடிவு செய்தது. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுக்கும் கல்நாருக்கும் தொடர்பு இருப்பதாக ரஷ்ய அறிவிப்பு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதச் செய்தித்தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துப் படித்த எவருக்கும் தொடர்பு விளங்காமல் போயிருக்காது.

மலையகத்தின் கண்ணோடு இதைப் பார்க்க வேண்டும். கொழுந்து கிள்ளும் பெண்ணின் கூடையில் இருந்த தேயிலை ஒரு தட்டில். அவள் தலைக்குமேல் இருந்த கல்நார் மறு தட்டில். பேரம் நடந்து முடிந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கல்நார்க் கூரை அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு என்று சொல்வது வழக்கம். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் லயக் கூரை அசையாமல் இருப்பதில்லை. டிஷ் அன்டெனாவுக்குத் துளை போடுவார்கள், புகைபோக்கிக்கு அறுப்பார்கள், பாசி பிடித்தால் சுரண்டுவார்கள், மரக்கிளை விழுந்து உடைந்த துண்டுகளை வாசலில் மிதிகல்லாகப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் தூசி எழும். அப்படியானால் மாற்றுக் கூரை எது? அந்தக் கேள்விதான் நம்மைத் தும்பிடம் கொண்டு வருகிறது.

பிசினுக்குள் நார்

1907இல் லியோ பேக்லண்ட் ஆக்கிய பேக்லைட் முழுமையான முதல் செயற்கைப் பிளாஸ்டிக். தனியாக வார்த்தால் எளிதில் உடையும் அந்தப் பொருளோடு மரத்தூளைச் சேர்த்தபோதுதான் அது தொலைபேசிக் கைப்பிடியாகவும் மின்சுவிட்சாகவும் உலகெங்கும் போயிற்று. ஆக, பிளாஸ்டிக்கின் வரலாறு தொடங்கிய காலத்திலேயே மரத்தின் கழிவு அதற்கு எலும்பாகச் சேர்ந்துவிட்டது.

பின்பு நடந்தவற்றைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. தட்டுப்பாடு வரும்போதெல்லாம் தாவர நாரை உலகம் நினைத்துக்கொள்ளும். தட்டுப்பாடு தீர்ந்ததும் மறந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் அலுமினியம் போதாது என்ற அச்சம் எழுந்தபோது, நோர்மன் டி பிரைன் என்பவரின் நிறுவனம் ஆளிச்செடி நாரைப் பிசினில் தோய்த்து 'கோர்டன் ஏரோலைட்' என்ற பொருளை ஆக்கியது. அதைக் கொண்டு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உடல் ஒன்றைச் சோதனையாகச் செய்தும் பார்த்தார்கள். அலுமினியம் கிடைத்துக்கொண்டே இருந்ததால் முயற்சி நின்றது. 1941 ஆகஸ்டில் ஹென்றி ஃபோர்ட், சோயா முதலிய பயிர்களிலிருந்து செய்த பிளாஸ்டிக் பலகைகள் பூட்டிய காரொன்றைக் காட்சிக்கு வைத்தார். அமெரிக்கா போரில் இறங்கியதும் அதுவும் முடிந்தது.

நீடித்து நின்றது ஒன்றுதான். உருக்குத் தகடு போதாத கிழக்கு ஜெர்மனி, சோவியத் பஞ்சாலைகளின் கழிவுப் பஞ்சைப் பீனோல் பிசினில் அழுத்தித் தகடாக்கி, டிரபாண்ட் என்னும் சிறு காருக்கு உடலாக்கியது. 1957 முதல் 1991 வரை ஏறத்தாழ 30 லட்சம் கார்கள் அப்படி உருண்டன. அந்தக் காரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனாலும் அதன் உடல் துருப்பிடிக்கவில்லை. வேறொரு தொல்லை இருந்தது. ஒருமுறை இறுகிய அந்தப் பிசினை மீண்டும் உருக்க முடியாது. பழைய டிரபாண்டுகளின் உடல்களை என்ன செய்வதென்று பின்னர் திண்டாடினார்கள்.

இதற்கிடையில் 1930களின் இறுதியில் கண்ணாடி நார் தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கியது. எல்லா இழையும் ஒரே தடிப்பு, ஒரே வலு, ஈரத்துக்கு ஊதாது. தாவர நாரால் அதனோடு போட்டியிட முடியவில்லை. ஃபைபர் கிளாஸ் படகும் தண்ணீர்த் தொட்டியும் உலகை நிறைத்தன.

வெள்ளாவி சொல்லும் வேதியியல்

தாவர நார் ஏன் தோற்றது? அதன் தோல் காரணம். தென்னந்தும்பானாலும் வாழை நாரானாலும் மேலே மெழுகு, பெக்டின், அழுக்கு என்று ஒரு பூச்சு இருக்கும். பிசின் அந்தப் பூச்சில் ஒட்டும், நாரில் ஒட்டாது. பாரம் ஏறும்போது நார் உறையிலிருந்து வாள் உருவப்படுவதுபோல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. நாரின் செல்லுலோஸ் தண்ணீரை விரும்புவது. பிளாஸ்டிக் தண்ணீரை வெறுப்பது. ஈரம் குடித்து நார் ஊதும், காய்ந்து சுருங்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அதன் வழியே மேலும் ஈரம் புகும். மலைநாட்டு மூடுபனியில் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாரைப் பக்குவம் செய்ய வேண்டும். அந்தப் பக்குவம் நமக்குப் புதியதல்ல. சலவைத் தொழிலாளர் உவர்மண் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைப்பார்கள். உவர்மண்ணின் காரம் பஞ்சிழையின் மெழுகையும் அழுக்கையும் கழற்றிவிடும். இலங்கையின் தென்கரையிலும் கேரளத்துக் காயலோரங்களிலும் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் உப்புநீரில் ஊறப்போடுவார்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் நார்களைப் பிணைத்திருக்கும் பெக்டினைத் தின்று தீர்க்கும். பிறகு அடித்தால் தும்பு தனியே வரும். முட்டை நாற்றம் வீசும் அந்தக் குழிகளில் இறங்கி மட்டை எடுத்தவர்களும், கரையில் உட்கார்ந்து அடித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். வரலாற்றில் நாரைப் பக்குவம் செய்த கைகள் அவை.

ஐரோப்பாவில் இதற்கு விஞ்ஞானப் பெயர் தந்தவர் லங்காஷயரின் ஜான் மெர்சர். எரிசோடாக் கரைசலில் பருத்தி இழை ஊதி, வலுப்பட்டு, சாயத்தை நன்றாகப் பிடிப்பதை 1844இல் கண்டார். 1850இல் காப்புரிமை எடுத்தார். துணிக்கென்று கண்ட அந்த முறையைத் தென்னந்தும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே கொண்டுவந்து அளந்து காட்டியவர்களுள் திருவனந்தபுரத்தின் வட்டார ஆய்வுக்கூடத்தினர் முக்கியமானவர்கள். 2007 முதல் அந்நிறுவனம் வேறு பெயரில் இயங்குகிறது. அங்கு பணியாற்றிய பிரசாத், பவித்ரன், ரோஹத்கி ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. தும்பை நூற்றுக்கு 5 பங்கு எரிசோடாக் கரைசலில், சாதாரண அறை வெப்பத்தில், சுமார் மூன்று நாள் ஊறவைத்தார்கள். தும்பின் இழுவலு நூற்றுக்கு 15 அளவு கூடியது. அதற்குமேல் ஊறவைத்தால் வலு குறையத் தொடங்கியது. நாரைப் பிசினிலிருந்து பிரிக்கத் தேவைப்பட்ட விசையோ நூற்றுக்கு 90 அளவு கூடியது. பக்குவம் செய்த தும்போடு பாலியெஸ்டர் பிசினைச் சேர்த்துச் செய்த பலகை, பக்குவம் செய்யாத தும்பினால் ஆன பலகையைவிட நூற்றுக்கு 40 அளவு வலுவாக இருந்தது.

இந்த எண்களுள் கவனிக்க வேண்டியது நடுவிலுள்ளது. நார் தன்னளவில் பெரிதாக வலுப்படவில்லை. நாருக்கும் பிசினுக்கும் இடையிலான பிடிமானம்தான் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. பலகையின் வலு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அந்த இடைவெளியைக் கட்டுவதற்கு வெவ்வேறு முறைகளைத் தேடியவையே: சிலேன் பூசுவது, அசிட்டைல் ஏற்றுவது, ஒரு கையால் நாரையும் மறு கையால் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்ளும் இணைப்புப் பொருளைக் கலப்பது என்பன அவற்றுள் சில.

தும்பின் இயல்பையும் சொல்ல வேண்டும். சணல் நாரோடு ஒப்பிட்டால் தும்பு வலுக்குறைந்தது. ஆனால் சணல் நார் தன் நீளத்தில் நூற்றுக்கு 2 அளவு நீள்வதற்குள் அறுந்துவிடும். தும்பு 15 முதல் 40 வரை நீண்டு கொடுத்த பிறகே அறும். அதிலுள்ள லிக்னின் நூற்றுக்கு 40க்கும் மேல். உப்புநீரிலும் எளிதில் மக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். ஆணி இல்லாமல் தும்புக் கயிற்றால் தைத்த மரக்கலங்கள் இந்துமாக்கடலில் நூற்றாண்டுக் கணக்கில் ஓடியதும் இதனால்தான். விறைப்பான பலகைக்குச் சணல் வேண்டும். அடி விழுந்தால் தாங்க வேண்டிய பலகைக்குத் தும்பு பொருந்தும். மரக்கிளை விழும் கூரை இரண்டாவது வகை.

கூரை வரை வந்த நார்

திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் தும்புப் பலகையோடு நிற்கவில்லை. கண்ணாடிச் சட்டம், தபால் பெட்டி, தலைக்கவசம், கூரைத் தகடு என்று பொருள்களாகவே செய்து காட்டினார்கள். 1970களின் இறுதியில் ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பும் இந்திய அரசும் சேர்ந்து சணல் நார், பாலியெஸ்டர் பிசின் திட்டங்களை நடத்தியபோது, 'மெட்ராஸ் ஹவுஸ்' என்று பெயர் பெற்ற வீடும் தானியக் களஞ்சியமும் எழுந்தன. வங்காளதேசத்தில் அணுசக்தி ஆணைய விஞ்ஞானி முபாரக் அகமது கான், சணலும் பிசினும் கொண்டு 'ஜூட்டின்' என்ற நெளிதகட்டை ஆக்கினார். நெளிதகரத்தை அங்கே 'டின்' என்பார்கள். ஜூட் சேர்ந்ததால் ஜூட்டின். துருப்பிடிக்காத, வெயிலை உள்ளே இறக்காத கூரை என்பது அதன் சிறப்பு. கூரை செய்ய முடியுமா என்ற கேள்விக்கு நம் அயலிலேயே விடை இருக்கிறது.

தாவர நாரைத் தொழில்முறையில் மீட்டது ஐரோப்பியக் கார்த்தொழில். 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் பழைய கார்களின் எடையில் பெரும்பகுதியை மீளப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் செய்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே ஜெர்மானிய நிறுவனங்கள் கதவின் உட்புறப் பலகைகளை ஆளி நாராலும் கத்தாழை நாராலும் செய்யத் தொடங்கியிருந்தன. பிரேசிலில், அமேசான் கரையின் பெலெம் நகரப் பல்கலைக்கழகமும் டைம்லர் நிறுவனமும் சேர்ந்து 1990களில் எடுத்த முயற்சியை நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். தேங்காய்த் தும்பின்மேல் இயற்கை ரப்பர் பாலைத் தெளித்து இருக்கைப் பாகங்கள் செய்தார்கள். தும்பு தரும் தென்னையும் பால் தரும் ரப்பரும் சிறு உழவர்களின் நிலத்தில் வளர்ந்தவை. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே வறுமை ஒழிப்பும் சுற்றுச்சூழலும் இருந்தன.

தும்பும் ரப்பரும் இலங்கையில் இல்லாதவையா? பழுப்புத் தும்பு ஏற்றுமதியில் இலங்கை நெடுங்காலமாக முன்னணியில் இருக்கிறது. ரப்பர் கேகாலையிலும் களுத்துறையிலும் விளைகிறது. இரண்டையும் சேர்த்து மெத்தை செய்யும் தொழில் நம்மிடமே உண்டு. புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாக இறங்கினால் பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது. நாரும், பாலும், படிப்பும் இருந்தும் லயத்தின் மேல் கல்நாரே ஏறியது. கூரையை வாங்குபவர் ஒருவர், அதன்கீழ் வாழ்பவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டில், மலிவான தகடே எப்போதும் வெல்லும். வீடும் காணியும் தன் பெயரில் இல்லாதவர் தன் கூரையின் நாரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எது கழிவு?

இவ்வளவு சொன்னதால் நார்ப்பிளாஸ்டிக்கை நான் வரமாகக் காட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். மூன்று தடைகளையாவது நேராகப் பார்க்க வேண்டும்.

முதலாவது தீ. மலையகச் செய்திகளைக் கவனித்த ஆண்டுகளில் லயன் தீ விபத்தைப் பற்றி நான் எழுதியதற்குக் கணக்கில்லை. ஒரே முகடு, ஒரே வரிசை, பழைய மின்கம்பி, விறகடுப்பு. ஒரு காம்பிராவில் பிடித்தால் அடுத்தடுத்துப் பரவும். கல்நாருக்கு உள்ள ஒரே உண்மையான நன்மை அது எரியாது என்பது. பாலியெஸ்டரும் எரியும், தும்பும் எரியும். தீத்தடுப்புப் பொருள் சேர்க்காத நார்ப்பலகையை லயத்துக்குக் கூரையாக்குவது ஒரு நோயை எடுத்து இன்னொன்றை வைப்பதாகும். தாவர நாரைச் சீமெந்தோடு சேர்க்கும் வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1980களின் தொடக்கத்தில் கல்நாருக்குப் பதிலாக மரச் செல்லுலோஸ் நாரைச் சேர்த்து, நீராவி அழுத்தத்தில் பதப்படுத்திய சீமெந்துத் தகடுகள் சந்தைக்கு வந்தன. கூரைக்கு எது பொருந்தும், உட்சுவருக்கும் கதவுக்கும் எது பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பது அறிவுடைமை.

இரண்டாவது தண்ணீர். நாரை ஊறவைத்த எரிசோடாக் கரைசல் எங்காவது போய்ச் சேர வேண்டும். இந்த மலைகளின் ஓடைகள் மகாவலியில் சேர்கின்றன. பீலியில் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமிலம் சேர்த்துக் காரத்தை முறித்து, கழுவிய நீரை மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாத பக்குவச்சாலை மலைக்கு ஆகாது. அன்று மட்டைக் குழியில் பெண்கள் நின்றார்கள். நாளை எரிசோடாத் தொட்டியருகில் கையுறை இல்லாமல் யார் நிற்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கழிவு என்ற சொல்லே. தோட்டத்தில் எது கழிவு? தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் வாதுகள் மலையிலேயே கிடந்தால் மண்ணுக்கு மூடாக்காகும். தடித்த வாதுகளைத் தொழிலாளர் அடுப்புக்குத் தூக்கிச் செல்வார்கள். ஆக, அதற்கு ஏற்கெனவே இரண்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் தூளைச் சலிக்கும்போது ஒதுக்கும் காம்பும் நாரும் கூடுதலாகக் கழிவு என்ற பெயருக்குப் பொருந்தும். பச்சைக் கொழுந்தில் நாலரை ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ தூள் வரும் தொழிலில், அந்தத் தூளிலிருந்தும் ஒரு பகுதி இப்படி ஒதுங்குகிறது. துருக்கிய ஆய்வாளர்கள் தேயிலைக் கழிவிலிருந்து அழுத்தப் பலகை செய்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாலிபுரோப்பிலீனில் தேயிலைக் கழிவைக் கலக்கும் சோதனைகளும் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஆனால் தேயிலை நார் மிகவும் குட்டையானது. நார் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்தால், பிசினிலிருந்து பாரத்தை வாங்கிக்கொள்ள அதற்கு இடம் போதாது. நிரப்புப் பொருளாக இருக்குமே தவிர எலும்பாகாது. தேயிலைக் கழிவு மேசைப் பலகையாகலாம், தட்டாகலாம். கூரையைத் தாங்க மலைக்குத் தென்னந்தும்பு கீழ்நாட்டிலிருந்து ஏறி வரத்தான் வேண்டும்.

பிளாஸ்டிக்கின் பக்கம் ஒரு வரம்பும் உண்டு. செல்லுலோஸ் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் கருகத் தொடங்கும். அதற்குக் கீழே உருகும் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும்தான் உருக்கிக் கலப்பதற்குத் தோதானவை. நம் ஓடைகளை அடைத்துக் கிடக்கும் பைகளும் புட்டி மூடிகளும் பெரும்பாலும் இந்த இரண்டினால் ஆனவை. பழைய பிளாஸ்டிக்கும் தும்பும் சேர்ந்த பலகையை மீண்டும் உருக்கி வார்க்கலாம். டிரபாண்டுக்கு நேர்ந்த கதி இதற்கு நேராது.

மானாப்புல், தகரம், கல்நார் என்று மூன்று கூரைகளைப் புசல்லாவை கண்டுவிட்டது. ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தவர் அதன்கீழ் படுத்து உறங்கியவர் அல்லர். மலையகத்தில் தனி வீட்டுத் திட்டங்கள் பேசப்படும் இந்நாள்களில், எத்தனை பேர்ச் காணி, எத்தனை அறை என்ற கேள்விகளோடு நான்காவது கூரையைப் பற்றிய கேள்விகளும் சேர வேண்டும். அதற்குள் இருக்கும் நார் எது? அதைப் பிடித்திருக்கும் பிசின் எது? தீப்பிடித்தால் என்ன ஆகும், உடைந்தால் எங்கே போகும்? இவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கும் உரிமை, அந்தக் கூரையின்கீழ் வாழப்போகிறவருக்கு இருக்க வேண்டும்.